ராத்திரி ஷிப்டு வீட்டில் ஒரு குழந்தை

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பகலில் யாரும் சத்தம் போடக் கூடாது. வில்லியனூருக்கு மேற்கே, ஏரி வாய்க்காலை ஒட்டிய ஒரு சின்ன ஊர் அது. என் வீட்டுக்காரருக்குப் பாண்டியில் ஒரு பஞ்சு மில்லில் வேலை. மற்றவர்கள் ஷிப்டு மாறி மாறிப் போவார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டு ராத்திரி ஷிப்டிலேயே நின்றுவிட்டார். காலையில் வந்து தூங்கினால் வெயில் தாழ எழுந்து கழனியைப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. யோசனை அவருடையது. அதைச் சுமந்தது வீடு.

காலையில் சைக்கிள் மணி கேட்டதுமே வீடு வாயை மூடிக்கொள்ளும். ஜன்னலில் கோணிச் சாக்கை மடித்து அடைத்துவிடுவார்கள். கதவு இடுக்கில் பழைய புடவையைச் செருகுவார்கள். கோழிகளைக் கூடைக்குள் கவிழ்த்துவிடுவார்கள். மீன்காரம்மா தெரு முழுக்கக் கூவிக்கொண்டு வருவாள், எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு நடப்பாள். அப்படிப் பழக்கி வைத்திருந்தவள் என் வீட்டுக்காரரின் அக்கா.

அவளை நான் அண்ணி என்று கூப்பிட வேண்டும். கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதா கோயிலில் கட்டிய தாலி என்பதால் வேறு கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாமனார் மாமியார் இரண்டு பேரும் போன பிறகு அந்த வீடு அவள் கையில் இருந்தது. நான் வந்த அன்றைக்குத் துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். அடுப்பைக் கொடுக்கவில்லை. அரிசிப் பானையைக் கொடுக்கவில்லை. தம்பியின் தூக்கத்தைக் காவல் காப்பதுதான் அவளுடைய பகல் வேலை. வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்குவாள், அதையும் சத்தம் வராமல் பொறுக்குவாள். நான் குடத்தைக் கொஞ்சம் ஓசைப்பட வைத்தால் போதும், அவள் நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் ஒரு வருஷத்து வசவு இருக்கும்.

சாயங்காலம் அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். சாக்கை உருவுவாள். கோழியைத் திறந்துவிடுவாள். ரேடியோ பாடும். ஆட்டுக்கல் ஓடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜெபமாலை சொல்ல வந்து, சொல்லி முடித்துவிட்டு ஊர்க்கதை பேச உட்காருவார்கள். விளக்கு எரியும், சிரிப்பு கேட்கும், தாளிக்கிற வாசனை வரும். அந்த வீட்டுக்குப் பொழுது அப்போதுதான் விடியும். எனக்கு அது பழகிவிட்டிருந்தது. குழந்தை வரும்வரை அதில் எனக்குப் பெரிய கஷ்டமும் இல்லை.

தலைப்பிரசவம் ஏம்பலத்துக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டில். பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு வந்த நாத்தனார், ஞானத்தாயாக நின்று குழந்தையைக் கையில் வாங்கினாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நான் மறைக்க வேண்டியதில்லை, இருந்தது. மூன்றாம் மாதம் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பினேன்.

முதல் நாளே சட்டம் வந்துவிட்டது. குழந்தை வாயைத் திறந்தால் உடனே பால் கொடுக்க வேண்டும். பசியோ இல்லையோ, முனகினாலும் சரி, நெளிந்தாலும் சரி. உள்ளறையில் அவர் தூங்குகிறார், வெளியறைக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு மண் சுவர். வெளியறை ஜன்னலும் அடைபட்டுத்தான் கிடக்கும், ஏனென்றால் வெளிச்சம் வந்தால் குழந்தை முழித்துக்கொள்ளும், முழித்தால் கத்தும். பால் கொடுத்துத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுவதை நிறுத்தினால் அழும் என்று நாத்தனார் எதிரில் உட்கார்ந்து கயிற்றை என் கையில் திணிப்பாள். குழந்தை பகல் முழுவதும் அந்த இருட்டில் அரைத் தூக்கத்தில் கிடக்கும். கொஞ்சம் குடிக்கும், தூங்கும், கொஞ்சம் குடிக்கும், தூங்கும். எந்த நேரமும் முழுசாகப் பசித்ததில்லை, முழுசாகக் குடித்ததும் இல்லை.

சாயங்காலம் ஆனதும் கண்ணை அகல விரித்துக்கொள்ளும். ரேடியோவைக் கேட்கும், விளக்கைப் பார்க்கும், ஒவ்வொரு பெண்ணாக மடிக்கு மடி போய்ச் சிரிக்கும். பெண்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு ராத்திரி ஆரம்பிக்கும். விடியும்வரை அழும். விடிந்ததும் சைக்கிள் மணி.

ஊர் சும்மா இருக்குமா. பொட்டப் பிள்ளைக்கு இவ்வளவு குரலா என்றார்கள். என் பாலில் சூடு என்றார்கள். அதனால் எனக்குப் புளி நின்றது, பிறகு மீன் நின்றது, பிறகு கடலை நின்றது. தாயின் மனசு கெட்டுப்போனால் பிள்ளை தூங்காது என்று கோயிலில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து ஒருத்தி சொன்னாள், என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். நாத்தனார் தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தாள். குழந்தைக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து.

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். பகலில் ஒரு தடவை குழந்தை வீறிட்டபோது உள்ளறையிலிருந்து ஒரு செம்பு பறந்து வந்தது. சுவரில் பட்டு விழுந்தது. யார்மீதும் படவில்லை. அவர் பேச்சு அவ்வளவுதான்.

தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏம்பலத்துக்குப் போனேன். அறுவடை நேரம். அம்மாவுக்கு என்னைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை, ஆள்களுக்குக் கூழ் ஊற்றவே சரியாக இருந்தது. நான் களத்தோரம் இருந்த புங்க மரத்தில் தூளியைக் கட்டினேன். சுற்றி நெல் அடிக்கிறார்கள், மாடு மிதிக்கிறது, பிள்ளைகள் வைக்கோலில் குதிக்கிறார்கள். குழந்தை அந்த வெளிச்சத்தில் காலை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தது. நடுவில் தூங்கியது, யார் போட்ட சத்தத்துக்கோ எழுந்தது, அழவில்லை. எனக்கும் வேலை இருந்ததால் முனகும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்க முடியவில்லை. பசித்துக் கத்தினபோது போய்க் கொடுத்தேன். வயிறு முட்டக் குடித்தது. பொழுது சாயக் குளிப்பாட்டிப் போட்டேன். அந்த வீட்டில் பொழுது போனால் எல்லாரும் அலுத்துப் படுத்துவிடுவார்கள். முதல் ராத்திரி கொஞ்சம் அழுதது. அடுத்த ராத்திரி குறைந்தது. கல்யாணத்தன்று ராத்திரி ஒரே ஒரு தடவை பாலுக்கு எழுந்தது, குடித்துவிட்டு என் பக்கத்தில் தூங்கிப்போனது.

நான் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பாலில் குறை ஒன்றுமில்லை. என் மனசிலும் ஒன்றுமில்லை. குழந்தைக்குப் பகலில் இருட்டையும் பொழுது சாய்ந்தபின் விளக்கு வெளிச்சத்தையும் காட்டியிருக்கிறார்கள், ராத்திரி எது என்று அதற்கு யாரும் காட்டவில்லை. எனக்கு அப்போது வந்தது சந்தோஷம் இல்லை. கோபம். புளியும் மீனும் இல்லாமல் நான் தின்ற ஒவ்வொரு வாய்ச் சோறும் நெஞ்சில் வந்து நின்றது.

திரும்பிப் போனதும் சொன்னேன். பகலில் வெளியறை ஜன்னலையாவது திறக்கலாம், சாயங்காலம் சத்தத்தைக் குறைக்கலாம், குழந்தை ராத்திரி தூங்கும் என்று பணிவாகத்தான் சொன்னேன். நாத்தனார் அரிசி பொறுக்குவதை நிறுத்தவில்லை. என் அம்மா வீட்டுக் காற்று அவ்வளவு ஒசத்தியா என்று கேட்டாள். அவர் படுக்கப் போகிற அவசரத்தில் இருந்தார். நான் ஜன்னல் சாக்கை எடுத்தேன், அவள் அடைத்தாள். எடுத்தேன், அடைத்தாள். அப்படிச் சில நாள் போனது. ஒரு வாரத்தில் குழந்தை பழையபடி ஆகிவிட்டது.

பிறகு திடீரென்று நாத்தனார் மாறினாள். மாட்டுக்குப் புல் அறுக்க நான் கழனிக்குப் போகும்போது குழந்தையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதுவரை பார்க்காதவள். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை தூளியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். முனகல்கூட இல்லை. தூளி ஆடிக்கொண்டும் இருக்காது. சாயங்காலம் எழுந்தால் ஒரு மாதிரி மந்தமாக இருக்கும், பாலைச் சரியாகப் பிடிக்காது. சளி பிடித்திருக்கிறது என்றாள். தலையில் தைலம் தேய்த்தேன் என்றாள். தைல வாசனை வரத்தான் வந்தது.

ஒருநாள் புல்லுக்கட்டோடு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டேன். நல்ல உச்சி வெயில். குழந்தையைத் தூக்கினேன். தலை பின்பக்கம் தொங்கியது. கையைத் தூக்கி விட்டால் கை விழுந்தது. உதடு வெளுத்திருந்தது. வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்தேன். தைலத்தையும் தாண்டி சாராய வாசனை.

எங்கள் பக்கத்தில் சாராயக்கடை இல்லாத ஊர் கிடையாது. அந்த வாசனை தெரியாத பெண்ணும் கிடையாது. நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. நாத்தனார் ஓடி வந்து உள்ளறைக் கதவை மறைத்து நின்றாள். குழந்தையைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தாள்.

"சத்தம் போடாதடி, அவன் தூங்கறான்" என்றாள்.

நான் அந்த வார்த்தையை இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அவளைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். காலில் செருப்பு இல்லை. ஏரிக்கரைச் சாலையில் கரும்பு ஏற்றிய டயர் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரர் என் கோலத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து மூடியது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா குழந்தையின் வாயை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அசிங்கத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நீ குடிப்பியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்படியானால் தூங்க வைப்பதற்காக நீதான் கொடுத்தாயா என்றார். அதற்கும் இல்லை என்றேன். பெற்றவளுக்குத் தெரியாமல் குழந்தை வாயில் சாராயம் எப்படிப் போகும் என்று, அங்கே உட்கார்ந்திருந்த எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. நர்சைக் கூப்பிட்டுக் குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். என்னை வெளியிலேயே நிறுத்தினார்கள். சுவரோரம் நின்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

வெயில் இறங்கும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. என் குழந்தையின் குரல். எத்தனையோ ராத்திரி எந்தக் குரல் நின்றால் போதும் என்று இருந்தேனோ, அதே குரல். டாக்டரம்மா வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் போலீசுக்குச் சொல்லுவேன் என்றார். என்னிடம்தான் சொன்னார். சரி என்று குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் எழுந்து மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் அவருக்குப் பின்னால் நின்றாள். ஜெபமாலைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

உங்கள் அக்கா குழந்தைக்குச் சாராயம் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கேரியரின் கொக்கியைச் சரியாக மாட்டினார். மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்" என்றார். "வெரல்ல தொட்டு நாக்குல வெக்கச் சொன்னேன். இன்னா இப்ப?"

நாத்தனார்மேல் இருந்த ஆத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்க, அதன்மேல் இன்னொன்று வந்து ஏறியது. அவர் சொல்லிக்கொண்டே போனார். மில்லில் நின்றால் கண் சொருகுகிறது, போன மாதம் அவர் பக்கத்து மிஷினில் ஒருவனுக்குத் தூக்கக் கலக்கத்தில் விரல் போய்விட்டது, ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அதே மிஷினை ஓட்டினார்கள் என்றார். அது உண்மைதான். பொய் சொல்கிற ஆள் இல்லை.

"எனக்கும் வெரலு போனா, நீ சோறு போடுவியா?" என்று கேட்டார்.

நான் அதுவரை அவரை நீ என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"வெரலு போனா நான் சோத்த ஊட்டி வுடறேன். புள்ள போனா நீ இன்னா பண்ணுவ?"

நாத்தனார் வாயைத் திறந்தாள், நான் அவளைப் பார்க்கவேயில்லை. நாளையிலிருந்து இந்த வீட்டு ஜன்னல் திறந்திருக்கும், தூங்க வேண்டும் என்றால் கரும்புக் கொல்லைக் கொட்டகைக்குப் போய்த் தூங்கு என்று அவரிடம் சொன்னேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்ற பெண்கள் அன்றைக்கு ஜெபம் சொல்லாமலே போனார்கள்.

விடிந்ததும் ஜன்னல் சாக்கு அத்தனையையும் உருவி வெந்நீர் அடுப்பில் போட்டேன். புகை தெரு முழுக்கப் போனது. அவர் வந்து பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பின்னாலேயே நாத்தனார் சோற்றுத் தூக்கோடு போனாள். போகும்போது என் பக்கமாகத் துப்பினாள்.

புருஷனை வீட்டைவிட்டுத் துரத்தினவள் என்ற பேர் அன்று மதியத்துக்குள் எனக்கு வந்துவிட்டது.

குழந்தையின் தூக்கத்தை ராத்திரிக்குத் திருப்புவது நினைத்த மாதிரி இல்லை. ஏம்பலத்தில் தானாக நடந்தது இங்கே சண்டை போட்டு நடத்த வேண்டியிருந்தது. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் வேப்ப மரத்தடியில் விடுவேன். வெயில் மேலே பட வேண்டும். தூளியையும் அங்கேதான் கட்டினேன். மீன்காரம்மாவிடம் இனிமேல் எங்கள் வாசலிலும் கூவு என்றேன். முதலில் நம்பவில்லை, பிறகு வேண்டும் என்றே இரண்டு கூவல் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். பகலில் தூங்கினால் தூங்கட்டும் என்று விடுவேன், ஆனால் மாடு திரும்புகிற நேரத்துக்குப் பிறகு தூங்க விடமாட்டேன். கண்ணைச் சொருகினாலும் தூக்கி வைத்துக்கொண்டு வாய்க்கால்வரை நடப்பேன்.

முனகினவுடனே பால் கொடுப்பதை நிறுத்தினேன். அதுதான் எனக்கே கடினமாக இருந்தது. கை தானாக ஜாக்கெட் கொக்கிக்குப் போகும். நிறுத்தி, காத்திருந்து பார்த்தேன். முக்கால்வாசி நேரம் குழந்தை எழுந்திருக்கவே இல்லை. தூக்கத்தில் முனகுகிறது, முகத்தைச் சுளிக்கிறது, மறுபக்கம் திரும்பித் தூங்கிவிடுகிறது. அத்தனை நாளும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத்தான் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறோம். தூளி ஆட்டுவதையும் குறைத்தேன். கண் திறந்திருக்கும்போதே கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அழும். கையை வயிற்றின்மேல் வைப்பேன், தூக்கமாட்டேன். வேலியோரம் நின்று கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சாராயம் கொடுத்தவளை அப்படிச் சொல்லவில்லை.

சாயங்காலம்தான் பெரிய போர். பொழுது சாய்ந்தால் வீடு அடங்க வேண்டும் என்றேன். நாத்தனார் வேண்டும் என்றே அப்போதுதான் ஆட்டுக்கல்லில் உட்காருவாள். ஒரு கைப்பிடி அரிசியை வைத்துக்கொண்டு விளக்கு வைத்த பிறகும் ஆட்டுவாள். இரண்டாம் நாள் நான் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் என் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ரேடியோவை உரக்க வைத்தாள். பாட்டரியைக் கழற்றிப் புடவையில் முடிந்துகொண்டேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றோம். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததால் நான் கத்தவில்லை. அவள் ஏன் கத்தவில்லை என்று தெரியாது.

ஜெபமாலைக்கு வந்த பெண்களிடம், வெளிச்சம் இருக்கும்போதே வந்து சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை ஒருத்தி பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய், ஜெபத்தை நிறுத்திய மருமகள் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டுவிட்டார். குடும்பத்தில் பணிவு வேண்டும் என்றார். ஞானத்தாயே பிள்ளைக்குச் சாராயம் கொடுத்ததைச் சொன்னேன். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சாமியார் கிட்ட வாய் காட்டினாள் என்று அதற்கும் ஒரு பேர் சேர்ந்தது.

பேருக்கெல்லாம் நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். பகலில் தைரியமாக இருந்துவிட்டு, குழந்தை அடங்கின பிறகு வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை திரும்பியது. முதலில் விடியற்காலைக்கு முன்னால் இருந்த அழுகை போனது. பிறகு நடுவில் இருந்தது போனது. பகலில் முகம் தெளிந்தது, வயிறாரக் குடித்தது, கன்னம் பூரித்தது. கரும்பு வெட்டு முடிவதற்குள், பொழுது சாய்ந்து படுத்தால் ஒருமுறை பாலுக்கு எழுந்து, விடிந்ததும் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிற குழந்தையாகிவிட்டது. அந்த வீட்டில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலில் சூடு என்றவர்களும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் கோடை முழுவதும் கொட்டகையில் தூங்கினார். எழுந்து வந்து குளித்துச் சாப்பிட்டு மில்லுக்குப் போவார். என்னோடு பேச்சில்லை. குழந்தையைத் தூக்குவார், கொஞ்சநேரம் தோளில் வைத்திருப்பார், கொடுத்துவிடுவார். ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகி ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. அவரும் சாத்தச் சொல்லவில்லை. உள்ளறையில் கட்டிலைப் போட்டு, ஒரு துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். குழந்தை அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியது, தட்டைத் தரையில் அடித்தது. அவர் குறட்டை விட்டார்.

வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றேன். ஒரு துண்டு. அந்த ஒரு துண்டு போதுமாக இருந்திருக்கிறது. சாக்கு வேண்டியதில்லை, கூடைக்குள் கோழி வேண்டியதில்லை, சாராயம் வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு, அவர் உண்மையைச் சொன்ன அன்றைக்குக்கூட வரவில்லை. விரல்களோடுதான் கடைசிவரை மில்லில் வேலை பார்த்தார். பத்து விரலும் இருந்தது. பிறகு நாங்கள் பேசினோம், குடும்பம் நடத்தினோம், இன்னொரு பிள்ளை பெற்றோம். பேசாமல் இருந்தால் நடக்குமா. ஆனால் நான் அவரைத் திரும்பவும் நீங்க என்று சொல்லவில்லை. அவரும் கேட்டதில்லை.

நாத்தனார் பின்கட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போக்கிடம் இல்லாதவள், தம்பியின் சம்பளத்தில் சோறு. தம்பி கை போனால் அவள் கதி என்ன. அந்த இருட்டை அவள் தனக்காகவும்தான் கட்டிக் காத்தாள். இதையெல்லாம் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யோசித்த பிறகும் எனக்கு மனசு இளகவில்லை. பயந்தவர்கள் எல்லாரும் கைக்குழந்தை நாக்கில் அதைத் தொட்டு வைப்பதில்லை.

இரண்டாவது பிள்ளை பையன். அவனைத் தூக்கிக்கொண்டு வந்த மறுநாள் அவள் பின்கட்டிலிருந்து வாசலுக்கு வந்தாள். எங்கள் இருவருக்கும் பேச்சு நின்று காலம் ஆகியிருந்தது. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"ஒரு தபா தூக்கிட்டுக் குடுத்துடறேன்" என்றாள்.

தூக்கலாம், ஆனால் இங்கேயே, என் கண்முன்னால் உட்கார்ந்து என்றேன். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வாங்கினாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. தீய்ந்த வாசனை வந்தது, அப்போதும் நகரவில்லை. பிள்ளை கண்ணை மூடியதும் அவளே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

என் மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயதில், அத்தையோடு நீ ஏன் பேசுவதில்லை என்று கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா வாங்கி வந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த மழைக்கு நாத்தனார் காய்ச்சலில் படுத்தபோது, மகள்தான் பின்கட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. அரிசி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். நான் மட்டும் போகவில்லை.